ரெய்டு நடந்த வீடு

திருப்பூரில் வேஸ்ட் என்று எதுவும் கிடையாது. கட்டிங் டேபிளில் விழுகிற துண்டுத் துணியை வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்து மூட்டை கட்டி வைத்தால், எடுத்துப் போக ஆள் தராசோடு வந்துவிடுவார். வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஒரு விலை. அதைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக நூற்கிறார்கள். மெஷின் துடைக்கவும் அனுப்புகிறார்கள். காலி கோன், அட்டைப்பெட்டி, பாலிதீன் பை எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. இந்த ஊரில் ஆளே வராத ஒரு வேஸ்ட் என் வீட்டு மாடியில் இருக்கிறது. அதைக் கிலோவில் நிறுக்க முடியாது. டெராபைட்டில்தான் நிறுக்க வேண்டும்.

செஸ்ட் பிரிண்டிங்குக்கு டிசைன் போட்டு, கலர் பிரித்துக் கொடுப்பது என் தொழில். பனியன் நெஞ்சில் ஒரு கரடி சிரிக்க வேண்டுமென்றால் எட்டுக் கலர், எட்டு ஸ்கிரீன். பையர் கரடியின் கண்ணைக் கால் இஞ்ச் ஏற்றச் சொல்வார், ஒரு ஃபைல். இறக்கச் சொல்வார், இன்னொரு ஃபைல். ஏழாவது சாம்பிள் போனதும், முதலில் அனுப்பியதே இருக்கட்டும் என்று மெயில் வரும். மீதி ஆறையும் அழித்துவிடலாமே என்பீர்கள். ஒரு தடவை அழித்தேன். மூன்றாம் வருஷம் ரிப்பீட் ஆர்டர் வந்தது, அந்த நாலாவது கரடிதான் வேண்டுமென்று. அன்றிலிருந்து நான் எந்தக் கரடியையும் கொல்வதில்லை.

இத்தனை கரடிகளும் குடியிருப்பது நாஸ் என்கிற பெட்டியில். வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் நெட்வொர்க் வழியாகத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். முதலில் கீழே யூனிட்டில்தான் வைத்திருந்தேன். ஆறே மாதத்தில் அதன் ஃபேனுக்குப் பஞ்சுத் தூசியில் தாடி முளைத்துவிட்டது. அதனால் மாடிக்குக் குடிமாற்றினோம். நாலு டிஸ்க் போடுகிற இடம், மூன்று போட்டிருந்தேன், தலா 4 டிபி. அது நிரம்பி, பெட்டி 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் கடைத் தம்பியிடம் போனேன்.

டிஸ்க் வாங்கும்போது என் தொழில் புத்தியைக் காட்டினேன். "தம்பி, ஏற்கெனவே இருக்கற மூணும் எந்த லாட்டோ, அதே லாட்ல குடுங்க." பாடிக்கு ஒரு லாட், கைக்கு ஒரு லாட் சாயம் போட்டால் ஷேடு மாறி மொத்தப் பீஸும் திரும்பி வரும் என்று படித்த பாடம். தம்பி பதறிவிட்டான். "ஐயோ அண்ணா, ஒரே லாட் வேண்டவே வேண்டாங்க. ஒண்ணு போச்சுன்னா மத்ததும் பின்னாடியே போயிருமுங்க." முப்பது வருஷமாக ஊரே சாமி கும்பிடுகிற மாதிரி கும்பிட்ட 'ஒரே லாட்', இங்கே மட்டும் சாபம்.

சரி, வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரிசாகவே இருக்கட்டும் என்று 8 டிபி எடுத்தேன். விலையைக் கேட்டதும் 2011 ஞாபகம் வந்தது. அந்த ஜனவரியில் நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதே வருஷக் கடைசியில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து, ஹார்ட் டிஸ்க் ஃபேக்டரிகள் முங்கி, உலகம் பூராவும் டிஸ்க் விலை ஏறியது. துணிக்குச் சாயமும் இல்லை, டிசைனுக்கு டிஸ்க்கும் இல்லை. ஒரே வருஷத்தில் என்னைத் தண்ணீர் ரெண்டு தடவை அடித்தது.

"அண்ணா, பேக்கப் இருக்குதுங்களா?" என்றான் தம்பி, பெட்டியைத் திறப்பதற்கு முன்னால்.

"இதுதானே பேக்கப்பு?"

அவன் என்னைப் பார்த்த பார்வையை, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சில டாக்டர்களிடம் பார்த்திருக்கிறேன். ஒரு டிஸ்க் செத்தால் இந்தப் பெட்டி காப்பாற்றுமாம். நானே கை தவறி அழித்தால், எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் விசுவாசமாக அழித்துவிடுமாம். முக்கியமான கரடிகளை மட்டும் வேறொரு டிஸ்க்குக்கு ஏற்றிவிட்டு நாலாவதைச் செருகினோம்.

இப்படி டிஸ்க்குகளைக் கூட்டுச் சேர்த்து வைப்பதற்குப் பெயர் ரெய்டு. 1988இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையில் வைத்த பெயர். விலை மலிந்த டிஸ்க்குகளை அணி சேர்ப்பது என்று அப்போது விரிவு. பிற்பாடு 'விலை மலிந்த' என்பதை எடுத்துவிட்டு 'தனித்தியங்கும்' என்று போட்டுக்கொண்டார்கள். பில் பார்த்தவன் எவனோ மாற்றியிருக்க வேண்டும். சங்கதி சுலபம்: ரெண்டு பார்ட்னர் ஆளுக்கொரு துண்டு நோட்டில் வரவு எழுதுகிறார்கள், கூட்டுத்தொகை மூன்றாவது நோட்டில். எந்த ஒரு நோட்டு தொலைந்தாலும் மற்ற ரெண்டை வைத்துக் கழித்து எழுதிவிடலாம். இப்போது நாலாவது நோட்டு வந்திருப்பதால் எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து பிரித்து எழுத வேண்டும். அதற்கு மூன்று நாள்.

அன்று சாயங்காலம் என் மனைவி காங்கேயத்தில் இருக்கிற தன் அப்பாவிடம் போனில் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள்: "அவரு ரூம்ல ரெய்டு ஓடிட்டிருக்குதுங்கப்பா. மூணு நாளாகுமாமா. யாரும் எதையும் தொடக்கூடாதாமா."

ஒரு மணி நேரத்தில் மாமனார் வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாப்ள, துண்டு நோட்டெல்லாம் எங்கீங்க?" என்றார் காதோரமாக. நான் விளக்க விளக்க அவர் முகத்தில் பயம் போய் ஒருவித ஏமாற்றம் வந்தது. ரெய்டு வருகிற அளவுக்கு மருமகன் சம்பாதித்துவிட்டான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருப்பார் போலிருக்கிறது.

மறுநாள் நாளிதழில் மின்தடைப் பகுதிகள் பட்டியலில் எங்கள் தெரு. யுபிஎஸ் இருபது நிமிஷம்தான் தாங்கும். பக்கத்து பனியன் கம்பெனி ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக்கொண்டேன். "ஏனுங்க, ஷிப்மெண்ட் அவசரமுங்களா?" என்றார் முதலாளி. "ஆமாங்க, 43 சதவீதம் ஆயிருச்சு" என்றேன். பாதி பொய். இங்க் பார்ட்டி மட்டும் அந்த வாரம் வசூலுக்கு வரவில்லை. போன் போட்டால், "உங்களுக்கு இருக்கற கஷ்டத்துல நம்முளுது என்னங்க, மெதுவாக் குடுங்க" என்றார். செய்தி அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. நான் திருத்தவில்லை.

மூன்றாம் நாள் இரவு முடிந்தது. பெட்டி காட்டிய மொத்த இடம்: 10.9.

"தம்பி, 8 டிபி போட்டனே?"

"அதுல 4தானுங்ணா எடுத்துக்கும். இருக்கறதுலயே சின்ன டிஸ்க் எதுவோ அந்த அளவுதான் எல்லாத்துக்கும்."

இது எனக்கு உடனே புரிந்தது. ஓவர்லாக் டைலர் நானூறு பீஸ் ஓட்டினாலும், ஃப்ளாட்லாக் டைலர் இருநூறு தைத்தால் பெட்டியில் ஏறுவது இருநூறுதான். "அப்படின்னாலும் 12 வரோணுமல்ல? 10.9 எப்படி?" கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி விற்கிறார், பெட்டி 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது. 4 என்று வாங்கினால் 3.63தான் தெரியும். முதல் வாஷிலேயே சுருங்குகிற சரக்கை டேக் மாட்டி விற்கிறார்கள், எந்தப் பையரும் ரிஜெக்ட் பண்ணுவதில்லை. இதே வேலையை நான் ஒரு டி-ஷர்ட்டில் செய்தால் கண்டெய்னரோடு திரும்பி வரும்.

"மீதி மூணையும் ஒவ்வொண்ணா 8ஆ மாத்தீட்டீங்கன்னா முழுசும் வந்துருமுங்ணா" என்றான் தம்பி. ஒவ்வொரு தடவையும் மறுபடி கணக்கு எழுத வேண்டும், மறுபடி ஜெனரேட்டர் ஒயர், மறுபடி மாமனார்.

அதற்கு முன்னால் ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன். பழைய கரடி ஃபைல்களை லாட்டாக எடுத்துக்கொள்கிற ஆள் யாராவது காதர்பேட்டைப் பக்கம் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். வெள்ளை தனி, கலர் தனியாகப் பிரித்தே தருகிறேன். ஏற்றுக்கூலியும் என்னுடையது.