ரெண்டாவது லெவல்காரர்

உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். நாற்பதைத் தாண்டியவர், லேசான முன்வழுக்கை, பையில் பிபி மாத்திரை. "பழைய லயன் கிங் பார்த்திருக்கீங்களா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். "பார்க்கல. விளையாடியிருக்கேன்" என்பார். கம்பராமாயணம் படிச்சிருக்கீங்களா என்றால், "வாலியோட சண்டையே போட்டிருக்கேன்" என்று சொல்கிற தோரணை.

இந்த வகையறா தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டர்களில் விளைந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போக வேண்டும். மானிட்டர் நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனம் காய்ந்திருக்கும். மெஷினுக்கு ரெண்டு பேர். முக்கால் மணி நேரம் லோட்டஸ், வேர்ட்ஸ்டார். சார் டீ குடிக்கப் போனதும் அலாவுதீன். நம்மவர் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு டிஸ்னி படம் வரவில்லை, ஃப்ளாப்பி வந்தது. அவருடைய உலக சினிமா அறிவு மொத்தமும் அதில் அடங்கியதுதான்.

1992-ல் வந்த அலாவுதீன் படத்தை அடுத்த ஆண்டே விளையாட்டாக்கினார்கள். செகாவுக்கு ஒன்று, நிண்டெண்டோவுக்குக் கேப்காம் செய்த இன்னொன்று. முதலாவதில் அலாவுதீன் கையில் வாள். இரண்டாவதில் வாள் இல்லை, எதிரி தலைமேல் குதித்துப் பிழைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு வந்தவன் வாள்காரன். "கத்தி இல்லாதவன் அலாவுதீனே இல்ல" என்று நம்மவர் இன்றைக்கும் சண்டைக்கு நிற்பார். ஒருநாள் மகள் அசல் படத்தைப் போட்டாள். "இப்ப பாரு, ஆப்பிளாலயே அடிப்பான்" என்று சோபா நுனிக்கு வந்தார். திரையில் அவனோ ரொட்டியைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். ஆப்பிள் வீச்சும் இல்லை, அவன் கையில் கத்தியையும் காணோம். "டூப்ளிகேட் படம்மா இது" என்று எழுந்து போய்விட்டார்.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா விஷயத்தில் அவருக்கு வேறு விதமான துக்கம். 1989-ல் அந்த விளையாட்டைச் செய்த ஜோர்டான் மெக்னர், தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து இளவரசனை வரைந்தார். வாள்சண்டைக்கு 1938-ன் ராபின் ஹூட் படத்தில் எரால் ஃப்ளின் போட்ட சண்டை கைகொடுத்தது. 2010-ல் விளையாட்டே படமாக வந்தது. விளையாட்டில் இளவரசியைக் காப்பாற்ற சரியாக அறுபது நிமிடம்தான் கெடு. நம்மவர் இடைவேளையில் வாட்சைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மணி நேரம் ஆச்சு. இவ எப்படிய்யா இன்னும் உயிரோட இருக்கா?" (இந்த விளையாட்டிலும் அலாவுதீனிலும் வில்லன் பெயர் ஜாபர். இரண்டு பேரும் ஒரே ஆள் என்றுதான் கல்யாணம் ஆகும்வரை நம்பியிருந்தார்.)

ஆனால் அவரை அவராக்கியது லயன் கிங். 1994-ல் படத்தோடு ஒட்டி வந்த விளையாட்டு. செய்தது வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ். முதல் லெவலைப் பால்குடி மறக்காத பிள்ளையும் முடித்துவிடும். ரெண்டாவதில் ஒட்டகச்சிவிங்கித் தலைகளில் தாவி, தீக்கோழிமேல் ஏறி, குரங்குகளிடம் வந்து சேர வேண்டும். அவை குட்டிச் சிம்பாவைப் பந்து மாதிரி ஒன்றிடமிருந்து ஒன்று வீசும். எந்தக் குரங்கைப் பார்த்துக் கர்ஜித்தால் எது எந்தப் பக்கம் திரும்பும் என்று பிடிபடாமல் ஒரு தலைமுறையே அங்கே தேங்கிப்போனது. இந்தக் கஷ்டம் வேண்டுமென்றே வைத்தது. அமெரிக்காவில் அப்போது கேம்களை வாடகைக்கு எடுப்பார்கள். சனி, ஞாயிறில் முடித்துவிட்டால் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? வாடகைக்காரனுக்கு வைத்த பொறியில், வாடகையும் கொடுக்காமல் ஓசி ஃப்ளாப்பியில் விளையாடிய நம்மவர் விழுந்தார்.

காட்டுமாடுகள் மிரண்டு ஓட, முஃபாசா சாகிற கட்டம் நாலாவது லெவல். ஆகவே முஃபாசா இறந்த சேதி நம்மவருக்கு இருபத்தைந்து வருடம் எட்டவே இல்லை. 2019-ல் புது லயன் கிங்கைத் தமிழில் பார்க்க மகளோடு போனார். ஸ்காருக்கு அரவிந்த்சாமி குரல். ரோஜா பார்த்து வளர்ந்த மனுஷன், தனி ஒருவன் பார்க்காதவர். அந்தக் குரலில் கெட்டவன் இருப்பான் என்று அவருக்குத் தோன்றவில்லை. பாறையிலிருந்து முஃபாசா விழுந்ததும், "அடப்பாவி, சொந்த அண்ணனையே தள்ளிட்டானே!" என்று அலறினார். முன்சீட்டுப் பையன் திரும்பி, "அங்கிள், இது எல்லாருக்கும் தெரியும்" என்றான்.

அதே வருடம் அலாவுதீன், லயன் கிங் இரண்டு பழைய விளையாட்டுகளும் சேர்ந்து புதுசாக வந்தன, பின்னோக்கிச் சுற்றும் வசதியோடு. செத்தால் கொஞ்சம் சுற்றிவிட்டு அதே இடத்தில் மறுபடி தொடரலாம். குரங்குகளை மகள் பத்தே நிமிடத்தில் தாண்டினாள். மூன்றாவது லெவல் யானைகளின் இடுகாடு. "இனி நான்" என்று வாங்கிக்கொண்ட நம்மவர் இன்னும் அங்கே கழுதைப்புலிகளிடம் செத்துக்கொண்டிருக்கிறார்.

அலாவுதீன் கடைசியில் ஜாஸ்மினைக் கட்டிக்கொண்டானா என்பது அவருக்கு இன்னும் தெரியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் தயவுசெய்து வாயை விட்டுவிடாதீர்கள்.