குளியலறைக் கும்பாபிஷேகம்

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் ரயில்வண்டி ஜாதி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, கிணற்றடி என்று பெட்டி பெட்டியாகக் கோத்திருக்கும். கக்கூஸ் மட்டும் கார்டு பெட்டியையும் தாண்டி, கொல்லைக் கோடியில் தனியாக நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு கூப்பிட்டால் டார்ச் லைட், குடை, ஒரு துணை, மூன்றும் வேண்டும். கல்யாணமாகி வந்த பெண்கள் மாமியாருக்குப் பயந்தார்களோ இல்லையோ, கொல்லைக் கோடிக்குப் பயந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் இந்த யாத்திரை பரம்பரையாக நடந்துவந்தது. குளியலறை மட்டும் அப்பா காலத்தில் கிணற்றடிவரை முன்னேறியிருந்தது. சிமெண்ட் தரை, வெந்நீர் அண்டா, துணி துவைக்க ஒரு கல், பல்லி இரண்டு. அத்தையின் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்து, "இனிமேல் குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது" என்று டாக்டர் சொன்ன பிறகுதான், இரண்டையும் ஒன்றாக்கி வீட்டுக்குள்ளேயே நவீனமாகக் கட்டிவிடலாம் என்று முடிவானது.

முடிவானது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். "பெருமாள் உள்ளுக்கும் அதுக்கும் ஒரே சுவராடா?" என்று அத்தை கேட்டதில் முதல் வரைபடம் குப்பைக்குப் போனது. வாஸ்து தெரிந்த எதிர்வீட்டு மாமா காம்பஸோடு வந்து, வடமேற்குதான் சிலாக்கியம் என்றார். எங்கள் வீட்டுக்கு வடமேற்கு என்பது பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டுக்கொட்டில். கடைசியில் நெல் கொட்டி வைக்கும் அறையைத் தியாகம் செய்தோம். நெல் வருவது நின்று பல காலம் ஆகியிருந்ததால் யாரும் அழவில்லை.

மேஸ்திரி வந்தார். சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். டாக்டர் முதுகைத் தட்டும்போதுகூட எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

"மொத்தமா பேசிக்கலாமா சார், நாள் கூலியா?"

இது வெறும் கேள்வி இல்லை, கண்ணி. மொத்தமாகப் பேசினால் வேலை ஓடும், தரமும் கூடவே ஓடிவிடும். நாள் கூலிக்குப் பேசினால் தரம் நிற்கும், வேலையும் நின்றுவிடும். நாங்கள் இரண்டுக்கும் நடுவில் ஏதோ பேசினோம். அது என்ன என்று அவருக்கும் எனக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

கார்த்திகையில் தொடங்கி வைகுண்ட ஏகாதசிக்குள் முடிப்பது என்று ஏற்பாடு. ஏகாதசி என்றால் இந்த ஊரில் ஒரு நாள் சமாசாரம் இல்லை. பகல் பத்து, ராப்பத்து என்று மூன்று வாரம் ஊரே நிரம்பி வழியும். சொர்க்கவாசல் சேவிக்க வரும் உறவினர்கள் முதலில் பெருமாளை விசாரிப்பார்கள், அடுத்தபடியாக பாத்ரூமை.

இடிப்பதில் மேஸ்திரி மன்னன். சுண்ணாம்பும் செங்கல்லும் கட்டிப்பிடித்துக் கிடந்த அந்தக் காலத்துச் சுவரை ஆட்கள் உளியும் சம்மட்டியுமாக உடைத்தார்கள். வரிசை வீடுகளில் பக்கவழி என்று ஒன்று கிடையாது. இடித்த கல்லும் மண்ணும் சித்தாள் தலையில் ஏறி, கூடம் வழியாக ஊர்வலம் போய்த்தான் தெருவை அடைய வேண்டும். அந்த மார்கழியில் எங்கள் ரசத்தில்கூட சுண்ணாம்பு மணம் வந்தது. இடித்த வேகத்தில் கட்ட ஆரம்பித்தால் தேவலை என்று காத்திருந்தபோது, மேஸ்திரிக்கு ஊரில் மச்சினன் கல்யாணம் வந்தது. பிளம்பர் வந்தால் கொத்தனார் வரமாட்டார். இருவரும் வந்தால் மணல் வராது. மணல் வரும்போது ஏகாதசிக் கூட்டத்தில் தெருவுக்குள் வண்டி வராது.

போன் போட்டுக் கேட்டால் அவரிடம் உள்ளூர் உதாரணம் தயாராக இருந்தது. "பெரிய கோபுரத்தையே எட்டு வருசம் கட்டுனாங்க சார்." உண்மைதான். பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்ற ராஜகோபுரத்தை 1979இல் எடுத்துக் கட்டத் தொடங்கி 1987இல் முடித்தார்கள். ஆனால் அது பதின்மூன்று நிலை, 236 அடி. எங்களுடையது ஒரே நிலை, எட்டடிக்கு ஆறடி. அந்தக் கணக்கைச் சொன்னால், "கோபுரத்துக்கு பிளம்பிங் வேலை கெடையாதே சார்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இடைக்காலத்தில் வீட்டு ஆண்கள் அம்மா மண்டபம் படித்துறைக்குக் குளிக்கப் போனோம். காவிரியில் குளிப்பது புண்ணியம்தான். ஆனால் அந்தப் புண்ணியத்தின் சாவி மேட்டூரில் இருக்கிறது. பாசனத்துக்காக ஜூன் 12இல் திறக்கும் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடுவார்கள். அதற்குப் பிறகு போனால் முழுக்கு போட ஆசைப்பட்டவனுக்கு முழங்கால்தான் நனையும். டெல்டா விவசாயிகளுக்கு அடுத்தபடியாக மேட்டூர் நீர்மட்டத்தை தினம் பேப்பரில் தேடிப் படித்தது எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும். குளிரில் போக மறுத்த என் பையனுக்கு அத்தை பரிந்து பேசினாள். "பெரிய பெருமாளே சுதைத் திருமேனி, அவருக்கே திருமஞ்சனம் கெடையாது, தைலக்காப்புதான். கொழந்தை ரெண்டு நாள் குளிக்காட்டா என்ன?" அவன் அந்த சம்பிரதாயத்தை ரொம்ப விசுவாசமாகக் கடைப்பிடித்தான்.

இந்த அவதியிலும் ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமை உண்டு. கழிப்பறைக்காக பத்மஸ்ரீ வாங்கியவர்களில் இருவர் எங்கள் திருச்சிக்காரர்கள். 'ஸ்கோப்' அமைப்பின் மாராச்சி சுப்புராமனுக்கு 2021இல், 'கிராமாலயா' தாமோதரனுக்கு 2022இல். காவிரிக் கரையில் தோண்டினால் உடனே ஊற்று வந்துவிடும், குழிக் கக்கூஸ் சரிப்படாது. அதற்காக முசிறியில் சுப்புராமன் குழியே வேண்டாத கழிப்பறைகளைக் கட்டினார். அங்கே கழிவு உரமாகும். பொதுக் கழிப்பறைக்கு வந்து போனவர்களுக்கு எதிர்க்காசு கொடுத்த அதிசயமும் அதே ஊரில்தான் நடந்தது. போனவருக்குக் காசு கொடுத்த மாவட்டத்தில், போக இடமில்லாமல் நான் மேஸ்திரிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டைல்ஸ் வாங்கக் காவிரிப் பாலம் தாண்டி திருச்சிக்குப் போனோம். கடைக்காரர் ஐவரி, பீஜ், கிரீம், ஆஃப் ஒயிட் என்று வரிசையாகப் பரப்பினார். என் கண்ணுக்கு எல்லாம் அழுக்கு வெள்ளை. மனைவிக்கு எல்லாம் வேறு வேறு. எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால் எதை எடுத்தாலும் மோர்பி என்றார். நாட்டின் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் அந்த ஒரே ஊர்ச் சூளைகளில் வெந்துதான் வருகிறதாம். தரைக்குப் பளபளப்பான ஒன்றில் மனைவி கை வைத்தபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை முதல்முறையாக வாய் திறந்தாள். "வழுக்குமா?" கடைப் பையன் சமர்த்து. டைல்ஸைத் தரையில் வைத்து, தான் குடித்துக்கொண்டிருந்த பாட்டிலிலிருந்து தண்ணீரைச் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துக் காட்டினான். கால் ஒரு சாண் தூரம் தானாகப் போனது. சொரசொரப்பான மேட் டைல்ஸ் அந்த நிமிஷமே பில் ஆனது.

ஒருவழியாகத் தரை போட்டார்கள். பாத்ரூமின் மானம் டைல்ஸில் இல்லை, வாட்டத்தில் இருக்கிறது. எட்டடித் தரைக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே இறக்கம் இருந்தால் போதும், தண்ணீர் தானே வழி கண்டுபிடித்து, தரையோடு பதித்த வடிகால் வாயான நானி டிராப்புக்குப் போய்விடும். மேஸ்திரி நூல் பிடித்தார், ரசமட்டம் வைத்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினேன். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு நானி டிராப்புக்கு முதுகைக் காட்டிவிட்டு, நிதானமாகக் கூடத்தைப் பார்த்து நடந்தது.

"புதுத் தரை சார். போகப்போகத் தண்ணி பழகிக்கும்" என்றார் மேஸ்திரி.

பழக நாங்கள் அவகாசம் கொடுக்கவில்லை. இரண்டு வரிசை டைல்ஸைப் பெயர்த்து மறுபடி பதித்தார்கள். அத்தை வாசற்படியில் நாற்காலி போட்டு மேற்பார்வை.

கமோடு வந்த பிறகு, அதன் அடியில் குழாய் ஏன் கோணலாக வளைந்திருக்கிறது என்று அத்தைக்குச் சந்தேகம். "இதையும் தப்பா மாட்டிட்டானா?" அது தப்பு இல்லை. அந்த வளைவில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடை நாற்றம் மேலே வராமல் காவல் காக்கிறது. 1775இல் அதற்கு லண்டனில் காப்புரிமை வாங்கிய அலெக்ஸாண்டர் கம்மிங் ஒரு கடிகாரக்காரர். வீட்டைப் பூட்டிவிட்டுக் கோடை விடுமுறைக்குப் போய்த் திரும்பினால் பாத்ரூம் நாறுவது அந்தத் தண்ணீர் வற்றிவிடுவதால்தான். ஆசிடும் வேண்டாம், பினாயிலும் வேண்டாம், ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். எங்கள் வீட்டு பாத்ரூம் செலவில் எனக்குக் கிடைத்த ஒரே இலவசம் இந்த ஞானம்.

திறப்பு விழா நாளில் அத்தைக்கே முதல் மரியாதை. சுவரில் பதித்த கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஹெல்த் பாசெட்டைக் கையில் எடுத்து, "இது எதுக்குடா?" என்று கேட்டுக்கொண்டே அமுக்கினாள். கூரை, பல்பு, மேஸ்திரி மூன்றும் நனைந்தன. கும்பாபிஷேகத் தீர்த்தம் மாதிரியே எல்லார் தலையிலும் தெளித்தாகிவிட்டது. உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தவள், "எல்லாம் சரி, துணி துவைக்கிற கல்லை எங்கேடா போட்டே?" என்றாள்.

பாத்ரூம் வேலை தொடங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டைல்ஸின் நிறத்தை யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கட்டும், சண்டை போடாதீர்கள். கைப்பிடியை இப்போதே வையுங்கள், முழங்கால் சொல்லிவிட்டு வராது. மேஸ்திரியின் கடைசித் தவணையை மட்டும் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றுங்கள். அது நானி டிராப்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, பணம் உங்கள் பையைவிட்டு வெளியே வரட்டும்.