மீ.சி.ம.வும் கடலை மிட்டாயும்

ஆறாம் வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் 'அட்மின்' என்று வந்ததும் தலைமையாசிரியர் பதவியே கிடைத்த மாதிரி இருந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டிய அரசு நடுநிலைப் பள்ளி எங்களுடையது. பாதிப் பிள்ளைகள் வீட்டில் டச் போனே கிடையாது. இருக்கிற போனும் காலையில் அப்பாவோடு கொத்து வேலைக்குப் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரிந்தும் பத்து மணிக்கு வீட்டுப்பாடம் போட்டுவிட்டு, நீல டிக் வரவில்லையே என்று வீட்டில் எரிந்து விழுவேன். இரவு ஒன்பதரைக்கு மேல்தான் விடைகள் வரும்: அரைப் பக்க நோட்டு, ஒரு கட்டைவிரல், ஓரத்தில் கொசுவத்தி. ஒரு அப்பா 'குட் மார்னிங்' ரோஜாப்பூ அனுப்பினார். தூக்கக் கலக்கத்தில் அதற்கும் 'சரி' போட்டேன்.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் வந்தபோது, இதை யார் பார்ப்பார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் நக்கலடித்தவன் நான். இப்போது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு நானும் பார்த்தேன். அதில் ஒரு டீச்சர் பின்னம் நடத்த, என் மனைவி, "நல்லா புரியுதுங்க" என்றாள். என் கணக்கு அவளுக்குப் புரிந்ததாகச் சரித்திரமே இல்லை. வயிற்றெரிச்சலில் அரிசி டிரம் மேல் போனைச் சாய்த்து நானும் வீடியோ எடுத்தேன். குழுவில் வந்த ஒரே பதில்: "சார், போர்ட மறைக்கிறீங்க."

சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டை கொடுத்த நாட்களில்தான் பிள்ளைகளை நேரில் பார்க்க முடிந்தது. பையோடு வரிசையில் நின்ற ஒருவனிடம் 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டேன். கேட்கிற இடமா அது? "2/5 சார்" என்றான். திருத்த வாயெடுப்பதற்குள் அவன் அம்மா, "முட்டை எத்தனைங்க சார்?" என்றார்.

2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியிருந்தது. பிறகு எங்கள் ஊருக்கும் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வகுப்பு, நடத்தும் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் தெருவுக்குத் தன்னார்வலராக வந்தது என் பழைய மாணவி. என்னிடம் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸானவள். "உனக்கு வருமாம்மா?" என்று கேட்டதோடு நிற்காமல், மேற்பார்வை என்ற பேரில் போய் உட்கார்ந்தும் கொண்டேன்.

அவள் ஆறு துண்டாகக் கோடு போட்ட கடலை மிட்டாய்ப் பாளம் ஒன்றை எடுத்தாள். "இதுல பாதின்னா எத்தனை துண்டு?" மூணு. "மூணுல ஒரு பங்குன்னா?" ரெண்டு. "ஆக மொத்தம்?" எனக்கு 2/5 சொன்னவனே, "ஆறுல அஞ்சுக்கா!" என்று கத்தினான்.

"மீச்சிறு பொது மடங்கு, அதான் மீ.சி.ம., சொல்லலையேம்மா" என்றேன்.

"நாளைக்குச் சொல்றேன் சார். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் உட்காருங்களேன், உங்களப் பாத்தா தப்புத் தப்பா சொல்றாங்க."

டீக்கடை பெஞ்சுக்குப் போய்விட்டேன். மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பெட்டிக்கடையில் கடலை மிட்டாய் கேட்டேன். உருண்டைதான் இருந்தது.