பூமியை எடை போட்ட மலையில்

சம உயரக் கோடுகளைப் படிக்க எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து வரைந்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்தது ஸ்காட்லாந்தின் ஷிகாலியன் மலையில் அம்பலமானது. மேடுபள்ளத்தை அந்தக் கோடுகளால் காட்டிய ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று இந்த மலைக்காகத்தான் நடந்தது என்பதால், அவமானம் கொஞ்சம் கூடுதல்.

உயரம் 1083 மீட்டர். ராநாக் ஏரிப் பக்கமிருந்து பார்த்தால் குழந்தைகள் வரையும் மலை மாதிரி கூம்பாக நிற்கும். படத்தில் அதைப் பார்த்து மயங்கித்தான் போனேன். ஏறும் பாதையோ கிழக்கே, பிரேஸ் ஆஃப் ஃபாஸில். அங்கிருந்து தெரிவது நீண்டு படுத்த ஒரு முதுகு. "ஷிகாலியன் எங்கே இருக்கு?" என்று ஒருவரிடம் கேட்டேன். பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் கை காட்டினார்.

தனியாக நிற்பதும், வடக்கும் தெற்கும் செங்குத்தாக இறங்குவதும் பார்த்து 1774இல் நெவில் மாஸ்கலின் இங்கே வந்தார். அரச வானியலாளர். மலையின் ஈர்ப்பு தூக்குக்குண்டை எவ்வளவு தன் பக்கம் இழுக்கிறது என்று அளந்தால் பூமியின் அடர்த்தியைக் கணக்கிடலாம். நட்சத்திரங்களை வைத்துத்தான் அந்தச் சாய்வைப் பிடிக்க வேண்டும். மழையும் மேகமும் விடவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்தார். நான் ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்துவிட்டு, "வெறும் தூறல்தான்" என்று மனைவியிடம் சொல்லிக் கிளம்பினேன். மழைக்கோட்டு காரிலேயே இருந்தது.

கீழ்ச்சரிவு முழுக்க ஹெதர் புதர். அதற்கடியில் பீட்: நீரில் ஊறி, முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான வருஷம் அடுக்கடுக்காகச் சேர்ந்த பாசியும் செடியும். பழைய பாதை அரித்துப்போய்ப் பெரிய தழும்பாகிவிட, 1999இல் மலையின் கிழக்குப் பகுதியை வாங்கிய ஜான் மியூர் அறக்கட்டளை வேறு பாதை போட்டது. நல்ல பாதை. ஹெதர் பூவைக் கிட்டத்தில் படமெடுக்க நான் அதை விட்டு இறங்கினேன். கால் முழங்கால்வரை போனது. திரும்பி வந்தபோது ஷூ கூட வரவில்லை. மனைவிதான் தோண்டி எடுத்தாள்.

மாஸ்கலினின் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டவர் சார்லஸ் ஹட்டன். எண்கள் மண்டிய நிலப்படத்தில் ஒரே உயரத்துப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். 1778இல் பூமி தண்ணீரைப்போல் சுமார் 4.5 மடங்கு அடர்த்தி என்றார். இன்றைய கணக்கு 5.5. ஐந்தில் ஒரு பங்குதான் பிழை. அதே கோடுகளைப் பார்த்து "அதோ உச்சி" என்று நான் அறிவித்த மேடு உச்சியில்லை. அடுத்ததும் இல்லை. அதற்கடுத்த மேட்டில், "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, வந்தா நானே தெரிஞ்சுக்கறேன்" என்றாள்.

உச்சியருகே எல்லாம் உடைந்த குவார்ட்சைட் பாறை. தவழ்ந்துதான் போனேன். மேலே ஒரே வெள்ளை மேகம். குறைந்தபட்சம் திசையாவது காட்டலாமே என்று, "இந்தப் பக்கம்தான் ராநாக் சதுப்பு, மேற்கே" என்றேன். அவள் போனில் திசைகாட்டியைத் திறந்தாள். நான் கை நீட்டியிருந்தது கார் நின்ற பக்கம்.