பில்லா பிறந்த கதை

கேள்வி: ரசிகர்கள் கொண்டாடும் பாத்திரத்துக்கு முன்கதை எடுத்தால் மவுசு கூடுமா, குறையுமா?
– வாசகர், நாவலூர்.

பதில்: 2007 'பில்லா'வில் அஜித் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக நடந்து வந்தார். "எந்த ஊர் தம்பி?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு 2012-இல் 'பில்லா 2' பதில் சொன்னது: இலங்கையிலிருந்து அகதியாக வந்தவராம். நல்ல தொடக்கம்தான். ஆனால் ஆள் சாக மாட்டார், டான் ஆகிவிடுவார் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரிந்துவிடுகிறதே!

'பாட்ஷா' (1995) கெட்டிக்காரப் படம். ஆட்டோக்கார மாணிக்கத்தைப் பொறுமையாக அடி வாங்கவிட்டு, "யாருய்யா இந்த ஆளு?" என்று நம்மைத் தவிக்கவிட்ட பிறகுதான் பம்பாய்க் கதையை அவிழ்த்தது. பசித்த பிறகு போட்ட சோறு, ருசித்தது. 'விக்ரம்' (2022) படத்தின் வில்லன் ரோலக்ஸோ சில நிமிடங்களே வந்தார். ஜாதகம் தெரியாததுதான் அவருடைய கெத்து.

ஆக, முன்கதை கேட்டால் சொல்லலாம். கேட்காமல் சொன்னால் அது கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமா சொல்லும் குடும்ப வரலாறு.

உங்கள் ஊர்ச் சுங்கச்சாவடியிலேயே 2023-இல் வசூலை நிறுத்திவிட்டார்கள். சினிமாக்காரர்கள்தான் போன சாலைக்கே மறுபடி கட்டணம் கேட்கிறார்கள்!