அசோசியேஷன் தலைவரின் ஆண்டறிக்கை

சென்னையில் எட்டு வீட்டுக்கு ஒரு தலைவர் உண்டு. பெரும்பாலும் ஏதோ ஓர் அலுவலகத்தில் உயரதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு செக்‌ஷனையே ஆட்டிவைத்தவருக்கு இங்கே ஆட்டிவைக்கக் கிடைப்பது ஒரு வாட்ச்மேனும் ஒரு மோட்டாரும்தான். மற்ற நாட்களில் சாதுவான மனிதர். மார்ச் 31 தாண்டி, கணக்கு முடித்து, பொதுக்குழுவுக்கு நாள் குறித்ததும் உள்ளே இருக்கும் தலைவர் விழித்துக்கொள்வார். ஓராண்டில் நம் நிர்வாகம் எப்படி இருந்தது என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொள்வார். பதில் எப்போதும் திருப்தியாகவே வரும்.

கூட்டம் காலை பத்தரைக்கு, கார் நிறுத்துமிடத்தில். பத்தரைக்கு அவரும் பொருளாளரும்தான் இருப்பார்கள். கோரம் இல்லை என்று அரை மணி ஒத்திவைப்பார். பதினோரு மணிக்கு அதே கூட்டத்தைக் கோரம் இல்லாமலே நடத்தலாம் என்பது பைலாவின் கருணை. அதற்குள், மொட்டை மாடியில் வடகம் பிழியக் கிளம்பிய மாமி ஒருவர் படிக்கட்டில் மடக்கப்பட்டு நாற்காலியில் உட்கார்த்தப்பட்டிருப்பார். மாவுப் பாத்திரம் மடியில்.

டேக் கட்டிய ஃபைலிலிருந்து அறிக்கை வெளியே வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி, போர்வெல்லில் தண்ணீர் நின்று, லாரிச் செலவு குறைந்திருந்தால் அது 'திறமையான நீர் மேலாண்மை'. மழை பொய்த்து லாரி லாரியாக வாங்கியிருந்தால் 'இயற்கையின் சோதனை'.

ஆனால் எங்கள் தலைவரின் மகுடம் லிஃப்ட்தான். அதாவது, இல்லாத லிஃப்ட். மூன்றாவது மாடிக்காரர் முழங்கால் வலியோடு லிஃப்ட் கேட்டு மன்றாடிக்கொண்டே இருந்தார். நிதி இல்லை என்று இவர் கையை விரித்துக்கொண்டே இருந்தார். 2022 செப்டம்பரில் படிக்கட்டு விளக்கு, மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டு மின்சாரம் யூனிட் 8 ரூபாய் ஆனது. ஊரெல்லாம் கூக்குரல். 2023 அக்டோபரில் அரசு மனமிரங்கி 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தது. ஆனால் பத்து வீட்டுக்கும் மூன்று மாடிக்கும் மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும். அன்று முதல் தலைவர் தீர்க்கதரிசி. "அன்னைக்கே நான் வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?" என்று ஆண்டுதோறும் கேட்கிறார். எல்லோரும் கைதட்டுகிறோம். முழங்கால்காரரும் தட்டுகிறார், கை நன்றாகத்தான் இருக்கிறது.

கடைசிப் பக்கம் சுயபரிசோதனை. இங்கே குரல் தாழும், கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கும். "எங்கிட்டயும் குறை உண்டு. எல்லாரையும் நம்பிட்டேன்." மோட்டார் சுவிட்சை நம்பி ஒப்படைத்ததும், டேங்க் நிரம்பி வழிந்து படிக்கட்டெல்லாம் அருவியானதும் இந்தத் தலைப்பில் வரும். முதல் மாடி தரையைப் பார்க்கும். பராமரிப்புப் பணம் பாக்கி வைத்தவர்களை மன்னித்த பெருந்தன்மையும் குறைகளில்தான் சேரும். பெயர் சொல்லமாட்டார். வராதவர்களின் காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார், அவ்வளவுதான்.

சிரிக்கிறோமே தவிர, விடியற்காலை ஐந்து மணிக்கு லாரி வந்து ஹாரன் அடித்தால் லுங்கியோடு ஓடிப்போய் சம்ப் மூடியைத் திறப்பவர் அவர் ஒருவர்தான். அது அறிக்கையில் வருவதே இல்லை. அதையெல்லாம் தலைமை என்று அவர் நினைப்பதில்லை போலிருக்கிறது.

பிறகு தேர்தல். 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடியும் தேர்ந்தெடுக்கத் தடையில்லை. இரண்டையும் அவரே படித்துக் காட்டுவார், பின்னதைக் கொஞ்சம் அழுத்தி. "இனிமே இளைஞர்கள் வரட்டும்" என்று பொருளாளரைப் பார்ப்பார். அந்த ஐடி கம்பெனித் தம்பிக்கு அப்போது பார்த்து முக்கியமான போன் வரும். மாமி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தே விடுவார்: "சாரே இருக்கட்டுமே, மாவு ஆறிடும்."

இந்த முறை தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்காக என்னிடம் வந்தது. 'உறுப்பினர்களின் அன்பான வற்புறுத்தலுக்கு இணங்கி' என்று மணிமணியான எழுத்தில், அடியில் முந்தின நாள் தேதியோடு, ஏற்கெனவே எழுதியிருந்தது. முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயர். தேதியை மட்டும் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.