பீரோ அடியும் தரையே: மொசைக் பாலிஷ் குறித்த ஒரு கள ஆய்வு

வாசலில் போடும் கோலத்தைப் பற்றி ஆய்வேடுகள் உண்டு. கோலத்தைத் தாங்கும் தரையைப் பற்றி, அதிலும் ஆள் வைத்து அதற்குப் பாலிஷ் போடுவதைப் பற்றி, முறையான ஆய்வு எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம்: நங்கநல்லூரில் 1983-இல் கட்டிய எங்கள் வீட்டின் ஹாலும் இரண்டு அறைகளும். ஆய்வுக் காலம்: தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்கள். நிதி நல்கியவர்: என் மனைவி, சீட்டுப் பணத்திலிருந்து. ஆகவே முடிவுகளில் அவர் கருத்துக்குச் சற்றே கூடுதல் இடம் இருப்பதை அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

முன்னோர் நூல்களில் முதலில் நிற்பது மகாபாரதம். மயன் கட்டிய சபையில் துரியோதனன் பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று எண்ணி ஆடையைத் தூக்கிப் பிடித்தான். அடுத்து வந்த தண்ணீரைத் தரை என்று எண்ணி உள்ளே விழுந்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பதினெட்டு நாள் போரில் போய் முடிந்தது. சுலைமான் நபியின் மாளிகைக்கு வந்த சபா நாட்டு அரசியும் கண்ணாடித் தரையை நீர் என்று கருதி ஆடையை உயர்த்தியதாகக் குர்ஆன் சொல்கிறது. நல்ல பாலிஷுக்கு அந்தக் காலத்தில் இதுதான் அளவுகோல் போலும்: வருகிற விருந்தாளி வேட்டியைத் தூக்க வேண்டும். ஆனால் சதுர அடிக்கு என்ன ரேட் என்று இரண்டு நூல்களிலும் தகவல் இல்லை. மயனாவது, காண்டவ வனத் தீயில் அர்ஜுனன் உயிர்ப்பிச்சை கொடுத்த நன்றிக்காகக் கட்டினான், காசு வாங்கவில்லை. அப்படியொரு காண்ட்ராக்டர் அதற்குப் பின் பிறக்கவில்லை.

தமிழ் மரபில் தரைக்கும் திணை வகுக்கலாம் என்பது என் துணிபு. சாணி மெழுகிய தரை முல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்தது மருதம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை ஆகும் என்கிறது சிலப்பதிகாரம். நாற்பது வருடம் கவனிக்காமல் விட்ட மொசைக்கும் அப்படித்தான். எங்கள் ஹால் பாலை. முதற்பொருள் ஐப்பசி மாதம். கருப்பொருள் மெஷின், பக்கெட், நீளமான ஒயர். உரிப்பொருள் மட்டும் இலக்கணத்தை மீறிப் பாலைக்குள் ஊடலாக அமைந்தது. காரணம் பீரோ. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தரை ஏன் மங்குகிறது? எங்கள் வீட்டில் இதற்கு மூன்று தலைமுறையாக ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லி வருகிறோம். பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-இல் வகுத்த கடின அளவை இதைச் சண்டையில்லாமல் தீர்க்கிறது. மொசைக்கில் சிமெண்டோடு கலந்திருப்பவை சலவைக்கல் சில்லுகள். அவற்றின் கடினம் 3. தெருவிலிருந்து செருப்பில் ஒட்டிவரும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அதன் கடினம் 7. ஏழு மூன்றைக் கீறும். செருப்பை வாசலில் விடு என்று பாட்டி கத்தியது ஆசாரம் என்று நினைத்திருந்தேன், அது கனிமவியல். சாப்பாட்டு மேஜைக்குக் கீழே உள்ள வெளிறிய திட்டுகளுக்குக் காரணம் ரசம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் சலவைக்கல்லைக் கரைக்கும். ரசத்தைச் சிந்தியது யார் என்ற கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. (என் தம்பி.)

இனி செய்முறை. மேஸ்திரியும் இரண்டு பையன்களும் வந்தார்கள். மெஷினின் அடித்தட்டில் கார்போரண்டம் கல் மாட்டினார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் செயற்கை வைரம் செய்யப் போய் கைக்குக் கிடைத்த பொருள் இது. 1893-இல் காப்புரிமை வாங்கினார். வைரம் செய்ய முடியாமல் போனதால்தான் நங்கநல்லூருக்கு விமோசனம் கிடைத்தது. கல்லுக்கு நம்பர் உண்டு: 60, 120, 320. ஓர் அங்குலச் சல்லடையில் எத்தனை கண் என்பதே அந்தக் கணக்கு, ஆகையால் நம்பர் ஏற ஏறப் பொடி நைசாகும். மாவு சலிக்கிற வீட்டில் இதைப் புரியவைப்பது எளிது என்று நினைத்தேன். மனைவி அப்போது சுவரில் தெறித்த சாம்பல் நிறக் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்ததால் விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

ஒவ்வொரு கல்லும் முந்தைய கல் போட்ட கீறலை எடுத்துவிட்டு அதைவிடச் சின்னக் கீறலைப் போடுகிறது. இடையில் பொத்தல்களைச் சிமெண்ட் பூசி அடைத்துச் சில நாள் காயவிட்டு மறுபடியும் கல். கீறல் ஒளியின் அலைநீளத்தை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கை, நெருங்க நெருங்கக் கண்ணுக்கு அது பளபளப்பாகத் தெரியும். ஆக, நாற்பது வருடமாக நாங்கள் இலவசமாகச் செய்த அதே காரியத்தை, அதாவது தரையைத் தேய்ப்பதை, மேஸ்திரி காசு வாங்கிக்கொண்டு ஒழுங்காகச் செய்கிறார். கோணல்மாணலாகத் தேய்ந்தால் பழசு, சீராகத் தேய்த்தால் பாலிஷ். இதுவே இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு என்று அன்று மாலைவரை நம்பினேன்.

பீரோவுக்கு வருவோம். கிரகப்பிரவேசம் முடிந்த வாரமே அம்மா ஹால் மூலையில் வைத்த இரும்பு பீரோ. மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம். மேஸ்திரி டேப்பை அதன் அடியிலும் விட்டு அளந்தார்.

“யாரும் நடக்காத இடத்துக்கு எதுக்குங்க பாலிஷ்?” என்றேன்.

“பீரோ அடியும் தரைதானே சார்” என்றார் மேஸ்திரி.

“அவர் சொல்றது சரிதானேங்க” என்றார் நிதி நல்கியவர்.

நாலரை சதுர அடி கணக்கில் ஏறியது. நால்வர் சேர்ந்து பீரோவை நகர்த்தினோம். அங்கே ஒரு கீழடி திறந்தது. மேலடுக்கில் தூசி, ஹேர்பின், கிழிந்த லாண்டரி சீட்டு. அடுத்த அடுக்கில் செஸ் யானை ஒன்று, அதற்குப் பதிலாகப் பல வருடம் நாங்கள் நகர்த்திய பேனா மூடியின் நியாயத்தை நிரூபித்தபடி. அதற்கும் கீழே இரண்டு சோழி. நான்கு மூலையிலும் பீரோக் கால் பதித்த துருவட்டம்.

பையன் ஈரத் துணியால் துடைத்தான். துடைத்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். அந்த நாலரை சதுர அடியில் 1983 அப்படியே இருந்தது. மணல் படாத, ரசம் படாத, எவர் காலும் படாத தரை. டியூப்லைட் அதில் முழுசாகத் தெரிந்தது. மேஸ்திரி குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

“சார், மத்த இடமெல்லாம் இந்த மாதிரி வரும்னு சொல்ல முடியாது.”

அங்கே மெஷின் வைக்கவும் மறுத்துவிட்டார், வைத்தால் கெட்டுவிடுமாம். துருவட்டங்களை மட்டும் ஆக்சாலிக் அமிலப் பொடி போட்டு எடுத்துக் கொடுத்தார். மற்ற இடங்களில் மெழுகு ஏற்றி முடித்ததும் பில் வந்தது. நாலரை சதுர அடி அதில் இருந்தது. பாலிஷே போடாத இடத்துக்குக் காசா என்று கேட்டேன்.

“பீரோவ நகர்த்துனது யாரு சார்?”

நான்கு பேரில் நானும் ஒருவன் என்பதைச் சொல்லத் தோன்றுவதற்குள் மனைவி பணத்தைக் கொடுத்துவிட்டார். பழைய மூலையைப் பார்த்து, இவ்வளவு நல்ல இடத்தில் யாராவது பீரோவை வைப்பார்களா என்று எதிர்மூலைக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறார். புது மெழுகில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டுமாம்.

ஆகவே இந்த ஆய்வில் ஆர்வமுள்ள வாசகர்கள் நால்வர் ஞாயிறு காலை பத்து மணிக்கு வரலாம். காபி உண்டு. செருப்பை வாசலில் விட்டு, உள்ளங்காலையும் மிதியடியில் நன்றாகத் துடைத்துவிட்டு வரவும். மணலின் கடினம் 7.